மடக்கும் இரட்டைத்திரைக் கணினி: மாணவன் பைக்கா? ஆசிரியர் மேசைக்கா?



"இனிப் புத்தகப்பையே வேண்டாம். புத்தகத்தைப் போலவே விரிந்து மடங்கும் இரண்டு திரைக் கருவி ஒன்று போதும். இடப்பக்கத்தில் பாடநூல், வலப்பக்கத்தில் பயிற்சிப் புத்தகம்!" இப்படியொரு பேச்சு தமிழ்ப்பள்ளி வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. விற்பனையாளர்கள் வண்ணத் துண்டறிக்கைகளோடு பள்ளி அலுவலகத்தில் வந்து அமர்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில், "மற்ற பள்ளிகள் முந்திக்கொள்வதற்குள் நாமும் வாங்கிவிட வேண்டும்" என்று ஆர்வத்தோடு முன்மொழிகிறார்கள். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால், அந்த முன்மொழிவை வெளிப்படையாக எதிர்க்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மடக்கும் இரட்டைத்திரைத் தட்டைக் கணினி நல்ல கருவிதான். அதன் நன்மைகள் உண்மையானவை. ஆனால், அது பெரியவர்களுக்கான கருவி. ஆசிரியரின் மேசையில் இருந்தால் ஒரு வகுப்பே பயன்பெறும். ஆண்டு 1 மாணவனின் பைக்குள் போனால் ஆறாண்டு தாங்காது. தாங்கினாலும் அவனுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுத் தராது. பெற்றோரின் வியர்வையில் விளைந்த சங்கப் பணத்தை அதில் கொட்டுவது தகாது. ஏன் என்று விளக்குகிறேன்.

எந்தக் கருவியைப் பற்றிப் பேசுகிறோம்?

'டேப்லெட்' என்று நாம் அன்றாடம் அழைக்கும் தட்டைக் கணினியில் மடங்கும் வகை இரண்டு உண்டு. ஒன்று, வளையும் தன்மையுள்ள ஒரே திரையை நடுவில் மடிப்பது. மற்றொன்று, தனித்தனியான இரண்டு திரைகளைக் கீல் வைத்து இணைப்பது. கதவையும் நிலையையும் இணைக்கும் அதே கீல்தான். அளவில் மட்டும் சிறியது. 'பாடநூலும் பயிற்சிப் புத்தகமும் ஒரே கருவியில்' என்று நம்மிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. இக்கட்டுரையும் அதைப் பற்றியதே.

நிறைகளை மறைக்க வேண்டாம்

ஒரு பொருளை எதிர்ப்பவன் முதலில் அதன் நிறைகளை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவன் பேச்சு எடுபடாது.

முதலாவது, இரண்டு பக்கங்களை ஒருசேரப் பார்க்கும் வசதி. கருத்துணர்தல் பகுதியைக் கற்பிக்கும்போது பனுவல் ஒரு பக்கமும் வினாக்கள் ஒரு பக்கமும் இருக்க வேண்டும். ஒற்றைத் திரையில் மாணவன் வினாவைப் படித்துவிட்டுப் பனுவலைத் தேடிப் போவான். போன இடத்தில் வினாவை மறந்துவிடுவான். இரட்டைத் திரையில் இந்த அலைச்சல் இல்லை.

இரண்டாவது, தமிழ்த் தட்டச்சு. ஒற்றைத் திரையில் விசைப்பலகையைத் திறந்தால் ஏறக்குறையப் பாதித் திரை மறைந்துபோகும். தமிழ்99 விசைப்பலகையில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என 31 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் வேண்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கே திணறும் சிறு திரையில் தமிழ் இன்னும் நெருக்கடிப்படும். விசைப்பலகையைக் கீழ்த்திரையில் விரித்துவைத்து மேல்திரை முழுவதும் எழுதுவது பெரிய வசதிதான்.

மூன்றாவது, பாதுகாப்பு. மூடினால் இரண்டு திரைகளும் உட்பக்கம் போய்விடும். பையில் மற்ற பொருள்கள் உரசினாலும் கீறல் விழாது.

நான்காவது நமது சூழலுக்கே உரியது. நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவருக்கும் குறைவான சிறிய பள்ளிகள். சிலவற்றில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்திக் கூட்டு வகுப்பு நடத்துகிறோம். ஒரு திரையில் ஆண்டு 3 பாடமும் மறுதிரையில் ஆண்டு 4 பாடமும் விரித்துவைத்திருக்கும் ஆசிரியருக்கு அது இரண்டாவது கை.

இந்த நான்கு நிறைகளையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். மூன்றாவதைத் தவிர மற்ற மூன்றையும் முழுமையாகப் பயன்படுத்தக்கூடியவர் யார்? நிறையப் படித்து, நிறையத் தட்டச்சு செய்து, ஒரே நேரத்தில் பல ஆவணங்களைக் கையாளும் ஆசிரியர்தான். முதல் நிறை மாணவனுக்கும் வேண்டியதுதான். ஆனால், அது அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. மேசைமீது விரித்த பாடநூல் ஒரு திரை. பக்கத்தில் விரித்த பயிற்சிப் புத்தகம் மற்றொரு திரை. இந்த இரட்டைத் திரைக்கு மின்கலம் வேண்டியதில்லை.

ஆறாண்டுப் பள்ளியும் மூன்றாண்டுக் கருவியும்

இரட்டைத்திரைக் கருவி ஏதோ நேற்றுப் பிறந்த புதுமை போல நம்மிடம் காட்டுகிறார்கள். அதன் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

2008 மே மாதம், நிக்கலஸ் நெக்ரோபாண்டே தலைமையிலான 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' இயக்கம், ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக எக்ஸ்ஓ-2 என்னும் கருவியின் மாதிரி வடிவத்தை வெளியிட்டது. இரண்டு தொடுதிரைகள், புத்தகம் போல விரியும், விலை 75 அமெரிக்க டாலராக இருக்கும் என்றார்கள். உலகமே கைதட்டியது. அந்தக் கருவி உற்பத்திக்கே வரவில்லை, திட்டம் கைவிடப்பட்டது.

2010இல் 'நோ' என்ற அமெரிக்க நிறுவனம் மாணவர்களுக்கென்றே 14 அங்குலத் திரைகள் இரண்டைக் கொண்ட கருவியை அறிவித்தது. அதன் எடை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ! புத்தகப்பையின் சுமையைக் குறைக்க வந்த கருவியின் எடையைக் கவனியுங்கள். 2011இல் அந்நிறுவனம் கருவித் தயாரிப்பையே விட்டுவிட்டு மென்பொருள் பக்கம் போய்விட்டது.

அதே 2010இல் 'என்டூராஜ் எட்ஜ்' வந்தது. ஒரு பக்கம் மின்மைத் திரை, மறுபக்கம் வண்ணத் திரை. மாணவர்கள் படிக்கவும் குறிப்பெழுதவும் ஏற்றது என்றார்கள். 2011இல் அதன் கதையும் முடிந்தது.

2011இன் பிற்பகுதியில் சோனி நிறுவனம் 'டேப்லெட் பி' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐந்தரை அங்குலத் திரைகள் இரண்டு. மூடினால் மூக்குக் கண்ணாடிக் கூடு போல இருக்கும். பெரும்பாலான செயலிகள் இரட்டைத் திரைக்காக எழுதப்படவில்லை. அதற்கு அடுத்த பதிப்பு வரவேயில்லை.

பிறகு 2020 செப்டம்பரில் மைக்ரோசாப்டு நிறுவனத்தின் 'சர்பேஸ் டுவோ'. 5.6 அங்குலத் திரைகள் இரண்டு. விலை 1,399 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஐயாயிரம் ரிங்கிட்டை நன்றாகவே தாண்டிவிடும். அதற்கான மென்பொருள் புதுப்பிப்பு 2023 செப்டம்பரில் நின்றது. 2021இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு 2024 அக்டோபரோடு அதே முடிவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020இல் ஆண்டு 1இல் சேர்ந்த குழந்தைக்கு அந்தக் கருவியை வாங்கித் தந்திருந்தால், அக்குழந்தை நான்காம் ஆண்டில் இருந்தபோதே உற்பத்தியாளர் அதைக் கைகழுவியிருப்பார். பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கருவியைக் குழந்தையின் கையில் கொடுத்து இணையத்தில் உலவவிடுவது பூட்டில்லாத வீட்டில் பிள்ளையைத் தனியே விட்டுப்போவதற்குச் சமம்.

குறை ஒரு நிறுவனத்துடையதன்று. பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம், இலாப நோக்கற்ற இயக்கம் என எல்லாரும் முயன்றார்கள், பின்வாங்கினார்கள். இரட்டைத் திரைக்கென்று மென்பொருள் எழுதுவோர் குறைவு. அதனால் வாங்குவோர் குறைவு. வாங்குவோர் குறைவதால் எழுதுவோர் மேலும் குறைவர். நச்சு வட்டம்!

"இப்போது நிலைமை மாறிவிட்டது. 2023இல் லெனோவா யோகா புக் 9ஐ, 2024இல் ஆசஸ் சென்புக் டுவோ என்று நல்ல இரட்டைத்திரைக் கணினிகள் வந்துவிட்டனவே!" என்பீர்கள். உண்மைதான். இரண்டுமே முழுமையான கணினிகள், 13, 14 அங்குலத் திரைகள் கொண்டவை, நன்றாகவே இயங்குகின்றன. ஆனால், அவை யாரை நோக்கிச் செய்யப்பட்டவை? அலுவலகத்தில் பணிபுரிவோரையும் படைப்புத் துறையினரையும் நோக்கி. அவற்றின் அறிமுக விலை முறையே 1,999, 1,499 அமெரிக்க டாலரில் தொடங்கியது. எடை ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல். ஏழு வயதுக் குழந்தைக்கு இவற்றைப் பரிந்துரைக்க நமக்கு மனம் வருமா?

ஒரு தொடக்கப்பள்ளியின் காலக் கணக்கு ஆறாண்டு. 1975இல் தொடங்கிய பாடநூல் கடனுதவித் திட்டம் 2008 முதல் எல்லா மாணவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆண்டின் தொடக்கத்தில் நூலைப் பெறுகிறோம், முடிவில் ஒப்படைக்கிறோம், அடுத்த ஆண்டு அடுத்த குழந்தை அதே நூலைப் படிக்கிறது. அட்டை கிழிந்தால் பசைநாடா ஒட்டுகிறோம். நான்கு பிள்ளைகள் கைமாறிய பிறகும் அந்த நூல் 'இனி இயங்கமாட்டேன்' என்று சொல்வதில்லை. இந்த நீடித்த உழைப்போடு போட்டியிடும் தகுதி எந்த மடக்குத் திரைக்கு இருக்கிறது?

கீலும் பென்சிலும்

வகுப்பறையில் நாள்தோறும் நாம் காணும் ஒரு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மணியடித்ததும் மாணவன் என்ன செய்கிறான்? எழுதிக்கொண்டிருந்த பென்சிலைப் புத்தகத்தின் நடுவிலேயே வைத்து மூடிப் பைக்குள் திணிக்கிறான். அடுத்த பாடத்திற்கு எந்தப் பக்கம் என்று தேட வேண்டியதில்லை பாருங்கள்! இதே வழக்கத்தை இரண்டு கண்ணாடித் திரைகளுக்கு நடுவே செய்தால் என்ன ஆகும்? ஒன்றன்று, இரண்டு திரைகளும் விரிசல் விடும். மூடினால் பாதுகாப்பு என்ற நிறையே குழந்தையின் கையில் குறையாகிவிடுகிறது.

கீல் என்பது அசையும் உறுப்பு. அசையும் உறுப்பே முதலில் தேயும். நம் பிள்ளைகளின் பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும்: அழிப்பான் துகள், பென்சில் சீவல், திடல் மணல், காலைச் சிற்றுண்டியின் மிச்சம். இவை எல்லாம் கீலின் இடுக்குக்குள்ளும் போகும். பென்சில் பெட்டியைத் தட்டிவிடலாம். கீலைத் தட்டிவிட முடியாது.

அத்துடன், இரண்டு திரைகள் என்றால் உடைவதற்கும் இரண்டு, மின்சாரம் குடிப்பதற்கும் இரண்டு. முப்பது மாணவர் உள்ள வகுப்பில் முப்பது கருவிகளுக்கு மின்னூட்ட எத்தனை மின்செருகி வேண்டும்? நமது பழைய கட்டடங்களில் ஒரு வகுப்பறைக்கு எத்தனை இருக்கின்றன? இந்தச் சாதாரணக் கேள்வியைக்கூடத் துண்டறிக்கைகள் எழுப்புவதில்லை.

தமிழெழுத்து கையில் பிறக்க வேண்டும்

இதுவரை சொன்னவை எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். இனிச் சொல்லப்போவது தமிழாசிரியன் என்ற முறையில்.

'கொ' என்ற எழுத்தைக் கையால் எழுதும்போது குழந்தை முதலில் ஒற்றைக்கொம்பை இடுகிறது; பிறகு 'க'; பிறகு துணைக்கால். விசைப்பலகையிலோ முதலில் 'க', அடுத்து 'ஒ'. இரண்டு முறைகளும் சரியானவையே. ஆனால், ஆண்டு 1இல் எழுத்தின் உருவம் கையில் பதிய வேண்டிய பருவத்தில் எதை முதலில் கற்பது? உருவத்தைக் கையால் வரைந்து கற்றவன் பிறகு எந்த விசைப்பலகையையும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வான். விசையை மட்டுமே அழுத்திப் பழகியவனிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்தால், கொம்பு எந்தப் பக்கம் என்று தடுமாறுவான்.

அடுத்தது, சொல் பரிந்துரை. 'பள்' என்று தட்டியவுடன் கருவியே 'பள்ளி' என்று நீட்டுகிறது. குழந்தை அதைத் தொட்டால் போதும், சொல் முடிந்தது. பிழையே இல்லாத கட்டுரை! பெற்றோர் மகிழ்கிறார்கள். ஆனால், அடுத்த வாரம் தாளில் அதே மாணவன், "நான் பல்லிக்குச் சென்றேன்" என்று எழுதுகிறான். லகர, ழகர, ளகர வேறுபாடும் ரகர, றகர வேறுபாடும் நகர, ணகர, னகர வேறுபாடும் பார்த்துத் தெரிவு செய்வதால் வருவதில்லை. நினைவிலிருந்து எடுத்து எழுதுவதால் வருகின்றன. இரண்டும் வெவ்வேறு திறன்கள். கருவி முதல் திறனை வளர்த்து, இரண்டாவதை உறங்க வைக்கிறது.

"கருவியோடு எழுதுகோலும் வருகிறதே, திரையிலேயே கையால் எழுதலாமே!" என்று வாதிடுவோர் உண்டு. எழுதலாம். கண்ணாடியில் நுனி வழுக்கும். தாளைப் போல உராய்வு தராது. சாதாரண எழுதுகோலாக இருந்தால் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு விழும். நல்ல எழுதுகோலாக இருந்தால் அதன் விலைக்கு ஓராண்டுக்கான பயிற்சிப் புத்தகங்களை வாங்கிவிடலாம். மேலும், மாணவன் பென்சிலைத் தொலைக்காத வாரம் எது?

படிப்பதிலும் சிக்கல் உண்டு. பாடநூலின் ஒரு பக்கத்தை உள்ளங்கை அளவுத் திரையில் காட்டினால் எழுத்து எறும்பளவு ஆகிவிடும். பெரிதாக்கினால் படம் ஒரு புறமும் பத்தி ஒரு புறமும் நழுவிப் போகும். இரண்டு திரைகளையும் சேர்த்து ஒரே பக்கமாக விரித்தாலோ நடுவில் கீலின் கோடு விழும். ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் குறுகியவை, தப்பித்துக்கொள்ளும். நம் 'விளையாடிக்கொண்டிருக்கின்றனர்' கீலுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று நிற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இது தண்டனை.

இது என் தனிப்பட்ட அச்சம் மட்டுமன்று. 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தது. அவற்றில் பங்குபெற்றோர் 170,000க்கும் மேற்பட்டோர். தகவல் சார்ந்த பனுவல்களைப் படிக்கும்போதும், குறித்த நேரத்துக்குள் படிக்க வேண்டியிருக்கும்போதும் திரையைவிடத் தாளிலேயே கருத்துணர்தல் சிறந்திருந்தது. கதைப் பனுவல்களில் இவ்வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் நேர்மையோடு சேர்த்துச் சொல்கிறேன். ஆனால், நமது அறிவியல் நூலும் வரலாற்று நூலும் கதைப் பனுவல்கள் அல்லவே!

சுவீடன் நாட்டைப் பாருங்கள். கணினியை வகுப்பறைக்குள் முன்கூட்டியே கொண்டுவந்த நாடுகளுள் ஒன்று. அந்நாட்டு அரசு 2023இல் அச்சுப் பாடநூல்களை மீண்டும் பள்ளிகளில் சேர்ப்பதற்கு நிதி ஒதுக்கியது. அதே ஆண்டு யுனெஸ்கோ தன் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையில், கல்வித் தொழில்நுட்பம் யாருடைய தேவைக்காக என்ற கேள்வியை எழுப்பியது. முன்னே ஓடியவர்கள் திரும்பி வரும் வழியில், நாம் எதிர்த்திசையில் கடன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டுமா?

நம் வீடுகளின் உண்மை நிலை

பெருந்தொற்றுக் காலத்தை மறந்துவிடாதீர்கள். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வியமைச்சு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தவொரு மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. தட்டைக் கணினி வைத்திருந்தோர் 6 விழுக்காட்டுக்கும் குறைவு. வீட்டில் ஒரே கைப்பேசி. தந்தையார் வேலை முடிந்து வந்த பிறகு மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் செய்தார்கள். நம்மில் பலரும் இரவு பத்து மணிக்கு வந்துசேர்ந்த பயிற்சிகளைத் திருத்தியிருக்கிறோம்.

அதன் பின்னர் 'செர்டிக்' திட்டத்தின்கீழ் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவி வழங்க 150 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஆயிரம் ரிங்கிட். ஐயாயிரத்துக்கு மேல் விலையுள்ள ஒரு இரட்டைத்திரைக் கருவியின் செலவில், ஒன்றுமே இல்லாத ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு எளிய கருவி தரலாம். ஒருவனுக்கு இரண்டு திரையா, ஐவருக்கு ஒவ்வொரு திரையா? எனக்கு இதில் ஐயமே இல்லை.

கருவியை வாங்கிக் குவிப்பதால் மட்டும் கல்வி மாறிவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது மடிக்கணினியும் ஒளிவீச்சுக் கருவியும் பள்ளிகளுக்கு வந்தன. பின்னர் 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் மெய்நிகர் கற்றல் தளம் வந்தது. அதன் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே சுட்டியது. 2019இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் கருவி மாறியது. கற்பிக்கும் நேரமும் பயிற்சியும் மாறவில்லை.

எதிர்பார்க்கும் மறுமொழிகளுக்கு

"புத்தகப்பை கனக்கிறதே, அதற்கு என்ன வழி?" நியாயமான கவலை. பிள்ளைகளின் முதுகு நமக்கும் வலிக்கிறது. அதற்குத் தீர்வு கால அட்டவணையில் இருக்கிறது. ஒரு நாளில் எத்தனைப் பாடம், எத்தனை நூல் என்பதை நாமே திட்டமிடலாம். நூல்களை வகுப்பறையிலேயே வைத்துச் செல்ல லாக்கர் வழங்குவதும் 2022இல் கல்வியமைச்சு அறிவித்த வழிகளுள் ஒன்று. ஒரு மர அலமாரி எத்தனைக் கருவிகளின் விலைக்குச் சமம் என்று கேட்டுப் பாருங்கள்.

"கொடையாளர் இலவசமாகத் தருகிறாரே!" முதலாண்டு இலவசம். இரண்டாம் ஆண்டு திரை உடையும்; மூன்றாம் ஆண்டு மின்கலம் தளரும். அந்தச் செலவு யார் தலையில் விழும்? பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தலையில். கொடையாளரிடம் பணிவோடு சொல்வோம்: "ஐயா, உங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. அதே தொகையை எங்கள் நூலகத்துக்குத் தாருங்கள்."

"நீங்கள் தொழில்நுட்பத்தின் எதிரியா?" இல்லவே இல்லை. தமிழைக் கணினியிலும் கைப்பேசியிலும் ஏற்றியதில் மலேசியத் தமிழருக்குத் தனிப் பெருமை உண்டு. 1985இல் தொடங்கிய முரசு அஞ்சலும் பின்னர் வந்த செல்லினமும் நம் முத்து நெடுமாறன் அவர்களின் உழைப்பு. அந்தப் பெருமையின் நிழலில் நின்றுதான் பேசுகிறேன். தொழில்நுட்பம் தமிழுக்குப் பணிசெய்ய வேண்டும். தமிழ்ப்பள்ளி தொழில்நுட்ப வணிகத்துக்குப் பணிசெய்யக் கூடாது.

"மற்றப் பள்ளிகள் வாங்கிவிட்டால் நம் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்களே!" இந்த அச்சம்தான் எல்லாவற்றுக்கும் வேர். மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் பள்ளிகளின் வேதனை எனக்குத் தெரியும். ஆனால், விளம்பரப் பலகையில் கருவியைக் காட்டிச் சேர்த்த பிள்ளை, அக்கருவி பழுதானதும் வேறு பள்ளிக்குப் போய்விடும். நன்றாக வாசிக்கவும் எழுதவும் கற்ற பிள்ளையோ, அடுத்த ஆண்டு தன் தம்பியையும் அழைத்து வரும்.

என்ன செய்யலாம்?

1. இரட்டைத்திரைக் கருவி வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஒன்றே ஒன்று வாங்குங்கள், ஆசிரியர்களுக்கு வாங்குங்கள். ஒரு திரையை ஒளிவீச்சுக் கருவியோடு இணைத்து வகுப்புக்குக் காட்டட்டும். மறுதிரையில் பாடக்குறிப்பும் விடையும் இருக்கட்டும். கூட்டு வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு முன்னுரிமை தரலாம்.

2. கருவியே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். அவர்களுக்கு எளிய ஒற்றைத்திரைக் கருவிகளைக் கடனாகக் கொடுக்கும் முறையை ஏற்படுத்துங்கள்.

3. ஆண்டு 1 முதல் 3 வரை எழுத்துப்பயிற்சி தாளில்தான் என்று பள்ளி அளவில் முடிவெடுங்கள். ஆண்டு 4க்குப் பிறகு தமிழ்99 தட்டச்சைக் கணினி அறையில் முறையாகக் கற்பியுங்கள்.

4. எஞ்சிய பணத்தில் தமிழ்ச் சிறுவர் கதைநூல்கள் வாங்குங்கள்.

விற்பனையாளர் வந்தால் விரட்ட வேண்டாம். தேநீர் கொடுத்து உட்கார வைத்து, இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

அ) இக்கருவிக்கு எந்த ஆண்டு வரை மென்பொருள் புதுப்பிப்பு வரும்? எழுத்து மூலம் தருவீர்களா?

ஆ) ஒரு திரை மட்டும் உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா? விலை என்ன? எங்கே, எத்தனை நாளில்?

இ) எழுதுகோல் தொலைந்தால் புதியது என்ன விலை?

ஈ) இணையம் இல்லாத வீட்டில் இதில் என்னென்ன இயங்கும்?

உ) எங்கள் பாடநூல்களை இரண்டு திரையில் முறையாகக் காட்டும் தமிழ்ச் செயலி இருக்கிறதா? இப்போதே திறந்து காட்டுங்கள்.

ஊ) பிள்ளைகளின் பெயரும் படமும் பதிவுகளும் எங்கே சேமிக்கப்படும்?

இந்த ஆறு கேள்விகளுக்கும் எழுத்துப்பூர்வமான விடை கிடைக்கும்வரை சங்கத்தின் காசோலையில் யாரும் கையொப்பமிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் என்ன கருவி இருக்கிறது என்று உறவினர் கேட்கலாம். என்ன நூலைப் படித்து முடித்தான் என்று நீங்கள் கேளுங்கள். ஆசிரியர்களே, கூட்டத்தில் எல்லாரும் கைதூக்கும்போது தயங்காமல் எழுந்து நின்று கணக்குக் கேளுங்கள். அது பிற்போக்கன்று, அது நம் கடமை. தமிழ்ப்பள்ளியின் ஒவ்வொரு வெள்ளியும் தமிழ்க் குழந்தையின் படிப்பாக மாற வேண்டும். மூன்றாண்டில் குப்பைக்குப் போகும் கண்ணாடியாக மாறக் கூடாது.

சிந்திப்போம்! கேள்வி கேட்போம்! பிறகு வாங்குவோம்!

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்